தொட்டி நீரின் வரலாறு: நியூட் வளர்ப்பும் லிங்கராஜபுரத்து ஏப்ரலும்

பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதியின் வடகிழக்கில் அமைந்த லிங்கராஜபுரத்தில், குளிர்சாதனம் தேவையற்ற நகரம் என்ற பழைய பெருமையை இப்போது யாரும் உரக்கச் சொல்வதில்லை. 2016 ஏப்ரலில் நகரின் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அத்தகைய வாரத்தில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையொன்றில் வைக்கப்பட்ட கண்ணாடித் தொட்டியின் நீர், அறையின் வெப்பத்தை ஒட்டி 28, 29 டிகிரிக்கு ஏறிவிடும். கப்பி, மோலி போன்ற மீன்களுக்கு அது இயல்பான வெப்பம். வளர்ப்புக்கு உலகெங்கும் விற்கப்படும் நியூட் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கோ 16 முதல் 20 டிகிரியே உகந்தது; 24ஐத் தாண்டினால் உணவை மறுக்கும், தோல் கெடும், சில நாட்களில் இறக்கவும் கூடும். தொட்டியில் பேணவேண்டியது விலங்கையா, நீரையா என்ற கேள்விக்கு விடை காண அறிவியலுக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் பிடித்தன. அந்த விடையின் ஒரு பகுதி இந்தியாவின் மலைக்குளங்களில் இருக்கிறது.

நியூட் என்பது வாலுடைய இருவாழ்வி. சாலமாண்டர் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தது. இருவாழ்விகளில் இன்று வாழும் வரிசைகள் மூன்று: தவளை தேரைகள், காலற்ற சிசிலியன்கள், வாலுடைய சாலமாண்டர்கள். முதல் இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் செழித்திருக்கின்றன. மூன்றாவது வரிசை தீபகற்ப இந்தியாவில் இயற்கையாக இல்லை; இமயத்தின் கிழக்குப் பகுதியிலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே உண்டு. விலங்கியல் பாடநூலில் படமாகக் கண்டதைத் தவிர, தமிழர் பெரும்பாலோர் இவ்விலங்கை அறிந்ததில்லை. பல்லி, அரணை, ஓணான், உடும்பு என்று ஊர்வனவற்றுக்கு இத்தனை பெயர் வைத்த மொழியில் இதற்கு வழக்குச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதையே ஒரு விலங்கியல் சான்றாகக் கொள்ளலாம்.

இந்திய நியூட்டின் பெயர் வரலாறும் சுவையானது. கல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்த ஜான் ஆண்டர்சன், 1868இல் பாமோ வழியாக யுன்னானுக்குச் சென்ற பயணக்குழுவில் இடம்பெற்றார். அங்கே கிடைத்த கரணையுடைய தோலும் முதுகில் இரு வரிசைப் புடைப்புகளும் கொண்ட நியூட்டுக்கு 1871இல் டைலோடோட்ரைட்டன் வெருக்கோசஸ் என்று பெயரிட்டார். டார்ஜிலிங், சிக்கிம், கிழக்கு நேபாளக் குளங்களில் வாழும் விலங்கும் அதுவே என்று வெகுகாலம் கருதப்பட்டது. 2015இல் நேபாள, சீன, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் அதைத் தனி இனமாகப் பிரித்து டைலோடோட்ரைட்டன் இமாலயானஸ் எனப் பெயர் தந்தது. 144 ஆண்டுகள் வேறொரு நாட்டு விலங்கின் பெயரில் வாழ்ந்த உயிரினத்தின் நீர்த்தேவை என்ன, எந்த மாதம் முட்டையிடும் என்பவற்றை நூல்களில் தேடுபவர், முன்னைய குறிப்புகள் எந்த மலைக்கு உரியவை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வகைப்பாட்டியல் வெறும் பெயர்ச்சண்டை என்று கருதும் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

தொட்டியின் வரலாறு லண்டனில் தொடங்குகிறது, அதுவும் ஒரு தற்செயலில். மருத்துவர் நத்தானியேல் வார்டு 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிக் குப்பியில் இட்டு மூடிவைத்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவர் கண்டது, மண்ணிலிருந்து முளைத்த பெரணியையும் புல்லையும். மூடிய கண்ணாடிக்குள் ஈரம் சுழன்று செடியை வாழவைக்கிறது என்ற இந்த அறிவு, வார்டு பெட்டி என்ற பெயரில் பேரரசின் தாவரப் போக்குவரத்தையே மாற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ராபர்ட் ஃபார்ச்சூன் 1848க்கும் 1851க்கும் இடையே சீனத் தேயிலைக் கன்றுகளையும் முளைவிட்ட விதைகளையும் இமயமலை நாற்றங்கால்களுக்கு அனுப்பியது இத்தகைய பெட்டிகளில்தான். டார்ஜிலிங்கில் அதற்கு முன்பே, 1841இல், ஆர்ச்சிபால்டு கேம்பல் சீனத் தேயிலை விதைகளை நட்டுப் பார்த்திருந்தார். 1850களில் அங்கே வணிகத் தோட்டங்கள் எழுந்தன. நியூட்டுகள் முட்டையிடும் மலைக்குட்டைகளைச் சுற்றிக் காடு குறைந்து தேயிலை பரவியது அப்போதிலிருந்துதான். ஐரோப்பிய வரவேற்பறைகளில் நியூட்டுக்கு இடமளித்த அதே கண்ணாடிப் பெட்டி, இமயத்து நியூட்டின் நிலத்தை மாற்றிய பயிருக்கும் வாகனமாக இருந்தது.

வார்டின் கண்ணாடிக்குள் நீரை வைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன். 1849இல் பன்னிரண்டு கேலன் கொள்ளளவுள்ள பாத்திரத்தில் இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது, குளத்து நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் வேதியியல் கழகத்தின் முன் இதை அறிவித்தபோது அவர் தந்த விளக்கம் எளிமையானது: விலங்கு வெளியிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கிறது, செடி தரும் ஆக்சிஜனை விலங்கு ஏற்கிறது, கழிவை நத்தை உண்கிறது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸின் நூல் வெளிவந்து 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியது. பிரிட்டனில் கண்ணாடிக்கான வரி 1845இலேயே நீக்கப்பட்டிருந்ததால் தொட்டியும் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் விலைக்கு வந்தது.

ஆனால் வாரிங்டனின் சமநிலைக் கணக்கில் ஒரு பெரிய விடுபாடு இருந்தது. மூச்சைப் பற்றி அவர் எண்ணினார்; சிறுநீரைப் பற்றி எண்ணவில்லை. நீர்வாழ் விலங்குகளின் முதன்மைக் கழிவு அம்மோனியா. தெளிந்த நீரிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. தோல் வழியாகவும் மூச்சு விடுகிற நியூட்டுக்கு அது தோலைச் சுடுகிறது. விக்டோரியா காலத்துத் தொட்டிகள் காரணம் விளங்காமலே கெட்டுப்போனதற்கு இதுவே பெரும் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்ற பிரெஞ்சு அறிவியலர் இருவர் 1877இல், மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிர்களின் வேலை என்று காட்டினர். அதைத் தொடர்ந்து இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்து, அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுகிறது, அவை வெவ்வேறு நுண்ணுயிர்களின் வேலை என்று நிறுவியவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தொட்டியைப் பற்றி எழுதியவரின் மகன் அவர்.

தந்தை விட்ட கணக்கை மகன் முடித்தார் என்று சொல்வது கவர்ச்சியாக இருக்கும். உண்மை அவ்வளவு ஒழுங்கானது அல்ல. மகனின் அக்கறை கோதுமை வயலின் உரத்தில் இருந்தது, தந்தையின் பொன்மீன்களில் அல்ல. அந்த நுண்ணுயிர்களைத் தூய நிலையில் பிரித்தெடுக்கவும் அவரால் இயலவில்லை. அந்தப் பெருமை 1890இல் செர்கெய் வினோகிராட்ஸ்கியைச் சேர்ந்தது. வேளாண் வேதியியலின் இந்த அறிவு வீட்டுத் தொட்டிக்கு வந்துசேர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று வளர்ப்போர் ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடக்கும் விதி, அதாவது விலங்கை வாங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே வடிகட்டியை ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பது, வயல்மண்ணிலிருந்து கண்ணாடிக்கு நடந்து வந்த விதி. தொட்டி நீரை முழுவதுமாகக் கொட்டிச் சோப்பிட்டுக் கழுவி மீண்டும் நிரப்பும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. சுத்தம் என்று எண்ணிச் செய்யும் அந்த வேலை, மாதக்கணக்கில் குடியேறிய நுண்ணுயிர்களை ஒரே நாளில் அழித்துவிடுகிறது. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுவதே போதும்.

அடுத்தது குளிர்ச்சி. இதில் ஐரோப்பிய நூல்கள் இந்திய வாசகருக்குச் சொல்ல மறந்தவை அதிகம். அவர்களுக்கு அது ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. பாரிஸுக்கு 1864இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டல்கள் வந்தன. அவற்றில் ஆறு ஒகஸ்ட் துமேரிலிடம் ஒப்படைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே அவை முட்டையிட்டன. குஞ்சுகளில் சில செவுள்களை இழந்து நிலத்துக்கு ஏறியபோது, முழு வளர்ச்சி பெற்றவை என்று எண்ணியவை உண்மையில் இளம்பருவ உருவிலேயே முதிர்ந்த சாலமாண்டர்கள் என்பது தெரிந்தது. உலக ஆய்வகங்களில் இன்றுள்ள ஆக்சலாட்டல்களில் பெரும்பகுதிக்கு முன்னோர் அந்தச் சிறு கூட்டமே. ஆக்சலாட்டல் நியூட் அன்று. ஆனால் நீர்த்தேவையில் நெருங்கிய உறவு. பாரிஸின் கோடைகூட அதன் தாய்நாடான சோச்சிமில்கோ ஏரியின் குளிர்நீருக்கு ஓரளவு ஒத்துப்போனது. துமேரில் தொட்டியைக் குளிர்விக்கக் கருவி தேடவேண்டியிருக்கவில்லை.

இந்தியாவின் மீன்காட்சி மரபு இதற்கு எதிர்த்திசையில் வளர்ந்தது. எட்கர் தர்ஸ்டன் திட்டமிட்டு 1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சிச்சாலை அந்தக் கரையின் வெதுவெதுப்பான கடல்நீரையும் அந்தக் கடலின் மீன்களையுமே காட்டியது. பம்பாயின் தாராபோரிவாலா 1951இலும், பெங்களூரு கப்பன் பூங்காவின் அரசு மீன்காட்சியகம் 1983இலும் வந்தன. பின்னர் சென்னை கொளத்தூரில் பெருகிய அலங்கார மீன் தொழிலும் வெப்பநீர் மீன்களையே நம்பியது. ஆகவே நம் கடைகளில் கிடைக்கும் கருவியும் அறிவுரையும் வெப்பநீருக்கு உரியவை. மீன்தொட்டிக் கடைக்குள் சென்றால் நீரைச் சூடாக்கும் கருவி நூறு ரூபாய்களில் கிடைக்கும். குளிர்விக்கும் கருவி வேண்டுமென்றால் பல்லாயிரம் ஆகும். பனிக்கட்டிப் பொட்டலத்தைத் தொட்டியில் மிதக்கவிடுவது ஒரு பிற்பகலுக்கு உதவும், ஒரு கோடைக்கு உதவாது. வெப்பம் ஏறுவது தனியாகவும் வருவதில்லை. 15 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5க்கு இறங்கிவிடும். கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே உள்ள பெங்களூரில் இன்னும் சற்றுக் குறைவு. வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடுகிறது. லிங்கராஜபுரத்து வீடுகளுக்கு வரும் நீர் இரு வகை: நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்பட்டுக் குளோரின் கலக்கப்பட்ட காவிரி நீர், அல்லது ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர். முதலாவதைக் குளோரின் நீக்காமல் பயன்படுத்தினால் நியூட்டின் தோல் புண்ணாகும். இரண்டாவதை அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது.

இத்தனை கவனத்தையும் நெடுங்காலம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று உண்டு. நியூட்டின் கண்வில்லையை அகற்றினால் கருவிழித் திரையின் மேல்விளிம்பிலிருந்து புதிய வில்லை வளரும் என்பதை 1890களில் கொலுச்சியும் வொல்ஃபும் கண்டிருந்தனர். கோரோ எகுச்சியும் உடனாய்வாளர்களும் இதை 16 ஆண்டுகள் தொடர்ந்தனர். ஒரே விலங்குகளின் வில்லையை 18 முறை அகற்றினர். 18 முறையும் அது வளர்ந்தது. 2011இல் முடிவுகள் வெளிவந்தபோது அந்த ஜப்பானியத் தீவயிற்று நியூட்டுகளுக்கு ஏறத்தாழ 30 வயது. கடைசி வில்லையும் இளம் விலங்கின் வில்லையைப் போலவே இருந்தது. முதுமை மீளுருவாக்கத்தைத் தடுப்பதில்லை என்பதே கட்டுரையின் செய்தி. ஆனால் அறிவியல் வரலாற்றாசிரியரின் கண்ணுக்கு அதில் இன்னொரு செய்தியும் உண்டு. 16 ஆண்டுகள் யாரோ ஒருவர் அந்தத் தொட்டிகளின் நீரை மாற்றியிருக்கிறார், உணவு மிச்சத்தை எடுத்திருக்கிறார், மூடியைச் சரிபார்த்திருக்கிறார். ஈரத்தோலின் பிடிப்பால் நேரான கண்ணாடியிலும் ஏறிவிடும் விலங்கு இது. மூடி சற்று விலகினாலும் மறுநாள் தரையில் காய்ந்து கிடக்கும். ஆய்வக வரலாறு இந்தப் பராமரிப்பு உழைப்பை எப்போதும் அடிக்குறிப்புக்குக் கீழேதான் வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னவை தொட்டிக்குள் செல்லும் நீரைப் பற்றியவை. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றி உலகம் விழித்துக்கொண்டது மிகத் தாமதமாக. நெதர்லாந்தின் தீச்சாலமாண்டர்கள் 2010 முதல் காரணம் தெரியாமல் மறையத் தொடங்கின. மூன்றாண்டுகளில் 96 விழுக்காடு இல்லாமற்போயின. ஆன் மார்ட்டெலும் உடனாய்வாளர்களும் 2013இல் காரணத்தைக் கண்டனர்: தோலைத் தின்னும் புதிய பூஞ்சை, பாட்ராகோகைட்ரியம் சாலமாண்ட்ரிவோரன்ஸ். மறு ஆண்டு வந்த ஆய்வு அதன் தாயகம் ஆசியா என்றது. தாய்லாந்து, வியட்நாம், ஜப்பான் நாடுகளின் நியூட்டுகளில் அது இருந்தது. 150 ஆண்டுகளுக்கு முந்தைய அருங்காட்சியக மாதிரி ஒன்றிலும் இருந்தது. ஆசிய நியூட்டுகளில் பல அதனோடு வாழப் பழகியவை. அவற்றை வளர்ப்பு விலங்காக ஏற்றுமதி செய்தபோது பூஞ்சையும் சேர்ந்து பயணித்தது. அமெரிக்கா 2016 தொடக்கத்தில் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. இதில் ஒரு முரண்நகை உண்டு. 10 முதல் 15 டிகிரியில் செழிக்கும் அப்பூஞ்சை 25 டிகிரியில் பத்து நாள் இருந்தால் அழிந்துவிடும். அவ்வெப்பத்தைத் தாங்கும் இனங்களுக்கு அதுவே மருத்துவம். பெங்களூரின் அறைவெப்பம் நோய்க்கு மருந்தாகவும் நோயாளிக்குச் சுமையாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. டார்ஜிலிங்கின் குளிர்ந்த குளங்களுக்கோ அந்த அரணும் இல்லை. வெளிநாட்டு நியூட் ஒன்று வளர்ந்த தொட்டியின் நீர் எப்படியோ அந்த மலைக்குச் சென்றால் அங்கே பூஞ்சைக்குத் தடை எதுவும் இல்லை. கழிவுநீரை வடிகாலிலோ ஏரியிலோ ஊற்றாமல் கிருமிநீக்கம் செய்தே அகற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

லிங்கராஜபுரத்தில் ஒருவர் நியூட் வளர்க்கலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் விடை தெளிவு. இமய நியூட் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். டைலோடோட்ரைட்டன் பேரினம் முழுவதும் 2019இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. ஆக்சலாட்டலும் அதே பட்டியலில் உள்ளது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமும் அதன்கீழ் 2024இல் வந்த பதிவு விதிகளும், அத்தகைய அயல்விலங்கு வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்கின்றன. இந்திய நகரங்களில் ஆக்சலாட்டல் வாங்குவோரில் எத்தனை பேருக்கு ரசீதும் பதிவும் உள்ளன என்பதைச் சமூகவியல் மாணவர் எவரேனும் ஆராயலாம். வேட்டையைப் பற்றி நிறைய எழுதிவிட்ட நம் சுற்றுச்சூழல் வரலாறு, கண்ணாடித் தொட்டியை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

சட்டப்படி இமய நியூட்டை அடைப்பில் வளர்க்கும் இடம் டார்ஜிலிங்கிலேயே இருக்கிறது. 1958இல் தொடங்கப்பட்டு, 1975 முதல் பத்மஜா நாயுடு பெயரைத் தாங்கிய இமய விலங்கியல் பூங்கா, பனிச்சிறுத்தை, சிவப்புப் பாண்டா ஆகியவற்றோடு இந்த விலங்கையும் இனப்பெருக்கத் திட்டத்தில் சேர்த்திருக்கிறது. 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊரில் குளிர்விக்கும் கருவியின் வேலையைக் காற்றே செய்துவிடுகிறது. பார்வையாளர்கள் சிறுத்தையின் கூண்டுக்கே விரைகிறார்கள். நியூட் யாரையும் ஈர்க்கும் விலங்கு அன்று.

மலையில் எஞ்சிய குளங்களின் நிலை வேறு. கர்சியாங் பகுதியிலுள்ள நாம்திங் போக்ரி, மழைக்காலத்தில் நிரம்பிக் குளிர்காலத்தில் வற்றும் குளம். மழைக்காலத்தையொட்டிய மாதங்களில் நியூட்டுகள் நீருக்கு வந்து, நீர்ச்செடிகளிலும் கரையோரப் புல்லிலும் முட்டையிடுகின்றன. நீர் வற்றும்போது கற்களுக்கும் மட்கிய மரங்களுக்கும் அடியில் ஒடுங்கி அடுத்த மழைவரை கிடக்கின்றன. வற்றிய குளத்தைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு அது செத்த குளமாகத் தோன்றும். கரைக்குச் சிமெண்டு பூசி, ஆண்டு முழுவதும் நீர் நிற்கச் செய்து, அழகுக்கு மீன் விட்டால் சுற்றுலா வளரும் என்ற எண்ணம் இமயத்துக் குளங்கள் பலவற்றில் செயலாகியிருக்கிறது. ஆண்டு முழுவதும் நீர் நின்றால் மீன் நிலைக்கும். மீன் நியூட்டின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். செங்குத்தான சிமெண்டுக் கரையோ, ஒடுங்க இடம் தேடி நிலத்துக்கு ஏறும் முதிர்ந்த விலங்குக்கு வழிவிடாது. லிங்கராஜபுரத்துத் தொட்டிக்கு நீர் தெளிவாக, குளிர்ச்சியாக, குறையாமல் இருக்க வேண்டும். நாம்திங் போக்ரிக்கு வேண்டியது, ஆண்டில் சில மாதங்கள் நீரே இல்லாமல் இருப்பது.